வாசிப்பு எங்கே தடுக்கிறது? தோட்டப்புறப் பிள்ளைகளுக்கான பிழை நீக்கும் வழிமுறை

மலேசியாவில் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புறப் பட்டணங்களில் மாலை வேளையில் கோயில் மண்டபத்தில் வாசிப்பு வகுப்பு நடத்துகிறவர்களிடம் பெற்றோர் சொல்லும் குறை பெரும்பாலும் ஒன்றுதான்: "பிள்ளைக்கு வாசிக்கவே வரவில்லை." அந்த ஒரு வாக்கியத்துக்குள் ஏழெட்டு வெவ்வேறு கோளாறுகள் அடங்கியிருக்கின்றன. ஒன்றுக்கான மருந்து மற்றொன்றுக்குப் பலிக்காது. எழுத்தே பிடிபடாத பிள்ளைக்குக் கருத்துணர் பயிற்சித்தாளைக் கொடுப்பதும், சரளமாக வாசித்துப் பொருள் தெரியாமல் விழிக்கும் பிள்ளையை மறுபடி அ, ஆ எழுதச் சொல்வதும் இங்கே நாள்தோறும் நடக்கின்றன. இரண்டிலும் பிள்ளையின் நேரம்தான் வீணாகிறது.

ஏழு வயதில் ஒன்றாம் ஆண்டுக்குள் நுழையும் பிள்ளைகளில் சிலர் இரண்டு வருடம் பாலர் பள்ளியில் உட்கார்ந்தவர்கள். சிலர் கையில் அதுவரை புத்தகமே இருந்திருக்காது. செம்பனைத் தோட்டத்திலோ தொழிற்சாலை ஷிப்டிலோ வேலை செய்யும் தாய் தகப்பன் வீடு திரும்பும்போது பிள்ளை தூங்கிவிட்டிருக்கும். இரு வகைப் பிள்ளைகளும் ஒரே வரிசையில் அமர்ந்து ஒரே பக்கத்தைத் திறக்கிறார்கள். 2010இல் அரசு தொடங்கிய லைனஸ் திட்டம், மூன்றாம் ஆண்டை முடிப்பதற்குள் எல்லாரும் அடிப்படை எழுத்தறிவும் எண்ணறிவும் பெற்றிருக்க வேண்டும் என்று இலக்கு வைத்தது. அந்த எல்லைக்கோடு சரியானது. நான்காம் ஆண்டிலிருந்து அறிவியலும் வரலாறும் வாசிக்கத் தெரியும் என்று வைத்துக்கொண்டே எழுதப்படுகின்றன. அதற்கு முன்பே பழுதைக் கண்டுபிடித்தாக வேண்டும்.

முதலில்: ஐந்து நிமிடம் கேளுங்கள்

இந்தியாவில் பிரதம் என்ற கல்வித் தொண்டு அமைப்பு, பிள்ளைகளின் அடிப்படைத் திறனை அளக்க 2005 முதல் நடத்திவரும் ஏசர் ஆய்வின் வாசிப்புக் கருவி மிக எளிமையானது: எழுத்துகள், சொற்கள், ஒரு சிறு பத்தி, ஒரு கதை. இவ்வளவுதான். இதை நீங்களே ஒரு தாளில் எழுதிக்கொள்ளலாம். பிள்ளையைத் தனியாக அழைத்து, மற்றவர்கள் காதில் விழாத இடத்தில் உட்காரவைத்து, சொற்களிலிருந்து தொடங்குங்கள். ஐந்தில் நான்கைச் சரியாக வாசித்தால் பத்திக்குப் போங்கள். இல்லையென்றால் எழுத்துக்கு இறங்குங்கள்.

பாடநூலில் உள்ள பத்தியைக் கொடுக்காதீர்கள்; ஏன் என்பது கீழே வருகிறது. வாசிக்கும்போது திருத்தவும் வேண்டாம். பிள்ளை என்ன சொன்னதோ அதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். "தப்பு" என்று குறிப்பதால் பயனில்லை. 'மேசை' என்பதை 'மெசை' என்றதா, 'மசை' என்றதா, 'நாற்காலி' என்றதா என்பதில்தான் விஷயம் இருக்கிறது. முதலாவது நெடில் குழப்பம், இரண்டாவது உயிர்க்குறியை விட்டுவிட்ட பிழை, மூன்றாவது எழுத்தைப் பார்க்காமல் படத்தைப் பார்த்துச் சொன்ன ஊகம். மூன்றுக்கும் மூன்று வழி.

அறிகுறி: புத்தகத்தை முகத்தருகே கொண்டுபோகிறது, தலையைச் சாய்க்கிறது, கூப்பிட்டால் திரும்புவதில்லை, முதல் பாடவேளையிலேயே தூங்கி வழிகிறது

பாடம் சொல்லிக்கொடுப்பதற்கு முன் உடலைப் பாருங்கள். ஒன்றாம் ஆண்டில் பள்ளிச் சுகாதாரக் குழு வந்து பார்வையைச் சோதிப்பது வழக்கம். அன்றைக்கு வராத பிள்ளை விட்டுப்போயிருக்கலாம். கண்ணாடி வேண்டும் என்று கொடுத்த கடிதம் பையின் அடியிலேயே கிடக்கலாம். கேட்டுப் பாருங்கள். அடிக்கடி சளி பிடித்துக் காதில் நீர் கோக்கும் பிள்ளைக்கு ஒலிகள் மங்கலாகத்தான் விழும். 'பல்', 'பால்' வேறுபாடு காதில் ஏறாதபோது எழுத்தில் எப்படி ஏறும்? அரசாங்கச் சுகாதார கிளினிக்கில் காட்டலாம்.

விடியும் முன் எழுந்து, ஒன்றும் சாப்பிடாமல் பள்ளி பஸ் ஏறும் பிள்ளைக்கு வேண்டியது காலை உணவு. வசதி குறைந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்குப் பள்ளியில் ஆர்.எம்.டி. உணவுத் திட்டம் உண்டு. பெயர் பட்டியலில் இல்லையென்றால் வகுப்பாசிரியரிடம் தயங்காமல் கேட்க வேண்டும். கூச்சத்தால் கேட்காமல் இருக்கும் குடும்பங்கள் இருக்கின்றன. அவர்களுக்காக நாம் கேட்கலாம்.

அறிகுறி: பாடநூலைக் கடகடவென்று வாசிக்கிறது, வேறு புத்தகத்தைக் கொடுத்தால் ஊமையாகிவிடுகிறது

இதுதான் அதிகம் ஏமாற்றும் அறிகுறி. ஆசிரியர் வாசிக்க, வகுப்பு முழுவதும் சேர்ந்து திருப்பிச் சொல்லும் பழக்கத்தில் கெட்டிக்காரப் பிள்ளைகள் பக்கம் பக்கமாக மனப்பாடம் செய்துவிடுகிறார்கள். படத்தைப் பார்த்தவுடன் வரி நாக்கில் வந்துவிடுகிறது. வீட்டில் எல்லாரும் மகிழ்ந்துபோகிறார்கள்; மூன்றாம் ஆண்டில்தான் உண்மை தெரிகிறது.

சோதிப்பது எளிது. படத்தைக் கையால் மூடுங்கள். வரியின் கடைசிச் சொல்லிலிருந்து பின்னோக்கி வாசிக்கச் சொல்லுங்கள். அல்லது நடுவில் ஒரு சொல்லைத் தொட்டு "இது என்ன?" என்று கேளுங்கள். பிள்ளை வரியின் தொடக்கத்திலிருந்து முணுமுணுத்துக்கொண்டே வந்து அந்தச் சொல்லை எட்டிப்பிடித்தால், அது மனப்பாடம்.

இதற்காகப் பிள்ளையைக் கடிந்துகொள்ளக் கூடாது. அந்த நினைவாற்றல் நல்ல முதல். கடைக்காரர் கொடுத்த பழைய நாட்காட்டித் தாளின் பின்பக்கத்தில், மனப்பாடமாகத் தெரிந்த அதே வரியைப் பெரிதாக எழுதுங்கள். சொல் சொல்லாக வெட்டுங்கள். கலைத்துப்போட்டு மறுபடி அடுக்கச் சொல்லுங்கள். அது வந்துவிட்டால், இரண்டு வரிகளின் சொற்களைக் கலந்து புதிய வரி ஒன்றை அமையுங்கள். 'மாமா பழம் வாங்கினார்', 'தம்பி மரம் ஏறினான்' என்ற இரண்டிலிருந்து 'தம்பி பழம் வாங்கினான்' வரும்போது, ஏறினான் என்பதன் வாலும் வாங்கினார் என்பதன் தலையும் தேவைப்படும். பிள்ளை முதன்முதலாகச் சொல்லின் உள்ளே பார்ப்பது அப்போதுதான்.

அறிகுறி: எழுத்தெல்லாம் தெரிகிறது, சேர்த்தால் சொல் வரவில்லை

பிள்ளை 'படம்' என்ற சொல்லை வாசிப்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். "ப... ட... இம்." மூன்றும் சரி. "சேர்த்துச் சொல்" என்றால் "படயிம்" என்கிறது, அல்லது வாயை மூடிக்கொள்கிறது. நாம் கற்றுக்கொடுத்ததைத்தான் அது அப்படியே செய்கிறது. க், ங், ச் என்ற மெய்களை இக், இங், இச் என்று சொல்லிப் பழக்கியிருக்கிறோம். அந்த இகரம் நாம் உச்சரிப்பதற்காக வைத்த கைப்பிடி. சொல்லுக்குள் அதற்கு இடமில்லை என்பதைப் பிள்ளைக்கு யாரும் சொல்லவில்லை.

மெய்யைத் தனியாக ஒலிக்கச் சொல்லாதீர்கள். முன்னுள்ள எழுத்தோடு ஒட்டியே காட்டுங்கள்: 'டம்' ஒரு துண்டு. அதைத் தாளில் எழுதி அசையாமல் வைத்துவிட்டு, முன்னால் வேறு வேறு எழுத்தை வையுங்கள். படம், வடம், தடம், குடம். பிறகு 'ரம்': மரம், வரம், உரம், கரம். பிறகு 'ல்', 'ண்' முடிவுகள்: பல், கல், நெல், வில், கண், மண், பெண், விண். ஒரு குடும்பம் பிடிபட்டால் அடுத்த குடும்பத்துக்குப் போகலாம். 'இம்' என்ற பெயரை எழுத்தின் பெயராகப் பிறகு சொல்லிக்கொள்ளலாம். தடை ஒன்றும் இல்லை.

இதோடு ஒட்டிய இன்னொன்று. 12 உயிர், 18 மெய், 216 உயிர்மெய், ஓர் ஆய்தம் என 247 எழுத்துகளையும் அட்டவணை வரிசையில் முடித்துவிட்டுத்தான் சொல்லுக்குப் போவேன் என்று நின்றால், தடுமாறும் பிள்ளை ஙகர வரிசையிலேயே மனம் விட்டுவிடும். ப, ம, ட, த, க, ல, ர ஆகியவற்றோடு ம், ல் ஆகிய இரண்டு மெய்யும் தெரிந்தாலே வாசிக்கச் சொற்கள் கிடைக்கின்றன. அன்றைக்கே வாசிக்கட்டும். உயிர்மெய்க் குறிகளில் பெரும்பாலானவை ஒழுங்கானவை. கா தெரிந்தால் மா, பா தானாக வரும். உகர ஊகாரக் குறிகள்தான் எழுத்துக்கு எழுத்து வடிவம் மாறுகின்றன: கு, சு, து, பு, மு ஆகியவற்றை ஒன்றைப் பார்த்து மற்றொன்றை ஊகிக்க முடியாது. அவற்றை மட்டும் தனித்தனியாகக் கண்ணுக்குப் பழக்க வேண்டும். நேரத்தை அங்கே செலவிடுங்கள்.

அறிகுறி: கெ, கே, கொ, கோ எல்லாம் ஒன்றாகிவிடுகின்றன

கண் இடமிருந்து வலம் போகிறது. 'கெ' என்பதில் முதலில் தென்படுவது கொம்பு, ஆனால் முதலில் ஒலிப்பது ககரம். 'கொ'வில் குறி இரு பக்கமும் நிற்கிறது. 'கௌ'வின் கடைசித் துண்டு அச்சு அசலாக ளகரம். பிள்ளை அதை 'கெள' என்று வாசித்தால் கண்ணில் பட்டதைத்தான் வாசிக்கிறது. மலாயிலும் ஆங்கிலத்திலும் எழுத்து நிற்கும் வரிசையும் ஒலிக்கும் வரிசையும் பெரும்பாலும் ஒன்றாக இருப்பதால், மூன்று மொழியையும் ஒரே ஆண்டில் தொடங்கும் நம் பிள்ளைகளுக்கு இது கூடுதல் சுமை.

கொம்பைக் கண்டால் நிறுத்து, அடுத்த எழுத்தையும் சேர்த்துப் பார் என்று பழக்குங்கள். இரண்டையும் சேர்த்து ஒரே வட்டத்துக்குள் பென்சிலால் சுற்றச் சொல்லலாம். பாடநூல்கள் திருப்பித் தரவேண்டிய கடனுதவி நூல்கள்; அவற்றில் வேண்டாம், படி எடுத்துக் கொடுங்கள். பிறகு குறில் நெடில் மாறினால் பொருள் மாறும் இணைகள்: எடு, ஏடு, கொடு, கோடு, தொடு, தோடு, மெல், மேல். இரண்டு சொல்லையும் எதிரெதிரே வைத்து, "பாட்டி காதில் போட்டிருப்பது எது?" என்று கேட்டால் பிள்ளை தோட்டைத் தொடும். குறியின் வேலை பொருளோடு சேர்ந்து மனத்தில் பதிகிறது. ஔகார வரிசையைக் கடைசிக்குத் தள்ளுங்கள். அந்தச் சொற்கள் குறைவு, அவசரம் இல்லை.

அறிகுறி: ல, ள, ழ, ர, ற, ன, ண, ந குழப்பம்

இது எழுத்துப்பிழைப் பிரச்சினை, வாசிப்பைத் தடுக்காது. பொருள் புரிந்து வாசிக்கிற பிள்ளையை ஒவ்வொரு ழகரத்துக்கும் நிறுத்தாதீர்கள். வாசிக்கும் அளவு கூடக் கூட இது தன்னால் குறையும்.

அறிகுறி: 'தம்பி' என்பதைத் 'தம்-பி' என்று, பகரத்தைப் 'பல்'லில் ஒலிப்பதுபோல் அழுத்தி வாசிக்கிறது

வீட்டில் மலாய் அதிகம் புழங்கும் பிள்ளைகளிடமும், தாமானில் (வீடமைப்புப் பகுதியில்) மற்ற இனப் பிள்ளைகளோடு வளரும் பிள்ளைகளிடமும் இதைக் காணலாம். மலாய் எழுதும் ரூமி எழுத்தில் (ரோமன் எழுத்தில்) p ஒலிக்கும் அதன் மெலிந்த b ஒலிக்கும் தனித்தனி எழுத்து உண்டு. தமிழில் ஓர் எழுத்தே இடத்துக்கு ஏற்ப ஒலிக்கிறது: 'பசி', 'பச்சை', 'பஞ்சு' மூன்றிலும் சகரம் மூன்று விதம். தமிழ் பேசும் வீட்டுப் பிள்ளைக்கு இந்த விதியைச் சொல்லவே தேவையில்லை. சொல் தெரியும் என்பதால் ஒலி தானாகத் திருந்திவிடும். சொல் தெரியாத பிள்ளைக்குத்தான் சிக்கல். விதியைக் கற்பிப்பதைவிடச் சொல்லைக் காதில் போடுங்கள்: முதலில் நீங்கள் சொல்லி, பொருளைக் காட்டி, பிறகு வாசிக்கக் கொடுங்கள். ஒரு பக்கத்தில் புதிய சொல் நான்கைந்துக்கு மேல் வேண்டாம்.

அறிகுறி: சரளமாக வாசிக்கிறது, "என்ன நடந்தது?" என்றால் தெரியவில்லை

கஃப், டன்மர் என்ற ஆய்வாளர்கள் 1986இல் சொன்ன கணக்கு இங்கே உதவும். வாசிப்பு என்பது எழுத்தை ஒலியாக்கும் திறனையும் மொழியைப் புரிந்துகொள்ளும் திறனையும் பெருக்கி வருவது. ஒன்று சுழியமானால் மொத்தமும் சுழியம். இந்தப் பிள்ளைக்கு முதல் திறன் இருக்கிறது. இரண்டாவதும் இருக்கிறது, ஆனால் பேச்சுத் தமிழில் இருக்கிறது.

வீட்டில் கேட்பது 'போனாங்க', புத்தகத்தில் 'சென்றனர்'. வீட்டில் 'பாசார்', புத்தகத்தில் 'சந்தை'. உழவர் ஏற்றம் இறைத்துக் கழனிக்கு நீர் பாய்ச்சிய கதையை வாசிக்கும் சுங்கை சிப்புட் பிள்ளை ஏற்றத்தையும் கண்டதில்லை, கழனியையும் கண்டதில்லை. லோரி செம்பனைக் குலைகளை ஏற்றிப்போவதை அது நாள்தோறும் காண்கிறது. அதைப் பற்றி வாசிக்கக் கொடுத்தால் பிள்ளை நம்மிடமே கேள்வி கேட்கும். ஏழை வீட்டுப் பிள்ளைகளுக்கு மொழி வளம் குறைவு என்று சிலர் எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். எனக்கு அதில் சற்றும் உடன்பாடில்லை. பாட்டியோடு வளரும் தோட்டத்துப் பிள்ளையிடம் கதை இருக்கிறது, பழமொழி இருக்கிறது, செடிகொடிகளின் பெயர் இருக்கிறது. புத்தகம் அந்த மொழியில் தொடங்குவதில்லை, அவ்வளவுதான்.

செய்ய வேண்டியது இது. பிள்ளையைப் பேசச் சொல்லுங்கள். "தாத்தா காலையில ஆட்டுக்குப் புல்லு அறுக்கப் போனாரு" என்று சொல்கிறது. நீங்கள் அதைப் பெரிய எழுத்தில் எழுதுங்கள்: 'தாத்தா காலையில் ஆட்டுக்குப் புல் அறுக்கப் போனார்.' மாறியிருப்பது மூன்று சொற்களின் வால் மட்டும். பிள்ளை தன் வாக்கியத்தையே எழுத்துத் தமிழில் வாசிக்கிறது. பொருள் தெரியாது என்ற பேச்சுக்கே இடமில்லை. சில வாரங்கள் கழித்துப் 'போனார்' இருக்கும் இடத்தில் 'சென்றார்' என்று எழுதி, "இரண்டும் ஒன்றுதான்" என்று சொல்லுங்கள். இப்படிச் சேரும் தாள்களைத் தைத்து வைத்தால் அதுவே அந்தப் பிள்ளையின் வாசிப்பு நூல்.

வாசித்த கதையைத் திருப்பிச் சொல்லும்போது பேச்சுத் தமிழில் சொன்னால் திருத்தாதீர்கள். புரிந்ததா என்று சோதிக்கும் நேரத்தில் இலக்கணத்தைச் சோதித்தால் பிள்ளை இரண்டையும் நிறுத்திவிடும். கேள்வியையும் மாற்றுங்கள். "யார் வந்தார்?" என்பதற்கு வரியைப் பார்த்தே விடை சொல்லிவிடலாம். "அவன் ஏன் ஒளிந்துகொண்டான்?" என்று கேட்டால்தான் தலைக்குள் கதை ஓடியதா என்று தெரியும்.

அறிகுறி: சரியாகத்தான் வாசிக்கிறது, ஆனால் ஊர்ந்து ஊர்ந்து போகிறது

வரியின் முடிவுக்கு வரும்போது தொடக்கம் மறந்துவிடும். சாமுவேல்ஸ் 1979இல் விளக்கிய மீள்வாசிப்பு முறை இதற்குப் பொருந்தும்: எளிதான சிறு பத்தி ஒன்றையே திரும்பத் திரும்ப, தங்குதடையில்லாமல் வரும்வரை வாசிப்பது. முதலில் நீங்கள் ஏற்ற இறக்கத்தோடு வாசித்துக் காட்டுங்கள். பிறகு இருவரும் சேர்ந்து. பிறகு பிள்ளை தனியாக. வெள்ளிக்கிழமை பூசைக்கு வரும் பெரியவர்களிடம் பிள்ளை அந்த ஒரு பத்தியை வாசித்துக் காட்டட்டும். நிலாம் என்ற பள்ளி வாசிப்புத் திட்டப் பதிவேட்டில் எத்தனை நூல் ஏறியது என்ற போட்டி இந்தப் பிள்ளைக்கு வேண்டாம். ஒரே நூலைப் பத்து முறை வாசித்தாலும் அது வாசிப்புதான்.

அறிகுறி: வகுப்பில் முன்னேறுகிறது, விடுமுறை முடிந்து வந்தால் எல்லாம் மறந்திருக்கிறது

வீட்டில் வாசிப்பவர் இல்லை, அல்லது நேரம் இல்லை. "பெற்றோர் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க வேண்டும்" என்று குறிப்பேட்டில் எழுதி அனுப்புவதால் ஷிப்ட் மாறப்போவதில்லை. முடிந்ததைக் கேளுங்கள். வாசிக்கத் தெரியாத பாட்டியும் பத்து நிமிடம் பக்கத்தில் அமர்ந்து கேட்கலாம். கேட்பவர் இருந்தாலே பிள்ளை வாசிக்கும். வாசிக்கத் தெரிந்த பாட்டியாக இருந்தால் ஒன்றைக் கவனியுங்கள்: பழைய பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள் ணை, லை, னை போன்றவற்றை 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்திய வடிவில் எழுதிக் காட்டுவார்கள். பிள்ளை குழம்பினால், "இது பாட்டி படித்த காலத்து எழுத்து" என்று மதிப்போடு சொல்லிவிடுங்கள்.

நான்காம், ஐந்தாம் ஆண்டு அக்காள் அண்ணன்மாரைச் சிறியவர்களோடு இணைத்து உட்காரவையுங்கள். தாமே தடுமாறும் பெரிய பிள்ளைக்கு இது இரட்டை நன்மை. தம்பிக்குச் சொல்லிக்கொடுக்கும் சாக்கில் இரண்டாம் ஆண்டுப் புத்தகத்தைக் கூச்சமில்லாமல் வாசிக்கும். வகுப்பை ஆண்டு வாரியாகப் பிரிக்காமல் வாசிக்கும் படி வாரியாகப் பிரிப்பதும் பிரதம் அமைப்பின் வழிதான். மண்டபத்தில் நடத்தும் வகுப்புக்கு அது இன்னும் எளிது, அங்கே எந்தப் பிள்ளைக்கும் நிரந்தர இருக்கை கிடையாது.

அறிகுறி: இவ்வளவும் செய்தும் நகரவில்லை

ஒழுங்காக வந்து, தன் படிக்கு ஏற்ற பாடத்தை ஒரு பருவம் முழுவதும் பயின்றும், நேற்று வாசித்த 'மரம்' இன்று புதிதாகத் தெரிகிறது. பேச்சில் கெட்டி, கணக்கைக் கேட்டால் வாயாலேயே சொல்கிறது, எழுத்தில் மட்டும் இடறுகிறது. குடும்பத்தில் வேறு யாருக்கோ சிறுவயதில் இதே தொல்லை இருந்திருக்கிறது. இப்படியானால் டிஸ்லெக்சியா என்ற வாசிப்புக் குறைபாடாக இருக்கலாம். அது அறிவுக் குறைவும் இல்லை, சோம்பலும் இல்லை, வளர்ப்பின் குற்றமும் இல்லை. ஆனால் நீங்களோ நானோ அந்தப் பெயரைச் சூட்டக் கூடாது. மருத்துவர் பார்த்துச் சொல்ல வேண்டும்.

முதலில் அரசாங்கச் சுகாதார கிளினிக்குக்கு அழைத்துச் செல்லுங்கள். அங்கிருந்து மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். போகும்போது உங்கள் ஐந்து நிமிடச் சோதனைத் தாள்களை, தேதியோடு, பிள்ளை வாசித்தது வாசித்தபடி எழுதியவற்றை, கையோடு கொண்டுபோங்கள். "வாசிக்க வரவில்லை" என்பதைவிட அது மருத்துவருக்கு நூறு மடங்கு உதவும். உறுதியானால் சமூக நல இலாகாவில் மாற்றுத் திறனாளியாகப் பதிந்து அதற்கான அட்டை பெறுவதும், சிறப்புக் கல்வி ஒருங்கிணைப்பு வகுப்புள்ள பள்ளியைத் தேடுவதும் அடுத்த படிகள். சில பெற்றோர் அந்த அட்டையைக் களங்கமாக நினைத்து மறுக்கிறார்கள். வற்புறுத்தாதீர்கள்; அதனால் கிடைக்கும் உதவிகளைச் சொல்லுங்கள், ஏற்கெனவே பதிந்த குடும்பம் ஒன்றோடு பேசவையுங்கள். முடிவு வரும்வரை மாலை வகுப்பை நிறுத்த வேண்டாம். 'டம்', 'ரம்' அட்டைகளே இந்தப் பிள்ளைக்கும் ஏற்றவை. இன்னும் சிறு சிறு அடியாக, தொட்டும் மணலில் எழுதியும், அதிக நாள் எடுத்துக்கொண்டு.